லேபர் டேக்குள் விதை: நியூ ஜெர்சி லானில் சில வருட அனுபவம்

மத்திய நியூ ஜெர்சியில் எங்கள் பக்கம் மண் களிமண். ஜூலை வெயிலில் இறுகிவிடும், புல்லும் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஆகஸ்ட் பாதியில் கடைக்குப் போனால் விதை, உரம், 'வின்டரைசர்' (குளிர்காலத்துக்கு முன் போடும் உரம்) என்று மூட்டைகளை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். சில வருடங்களாக நான் செய்வது இதுதான்: ஆகஸ்ட் கடைசியில் மண்ணில் துளை போடும் ஏரேட்டரை ஓட்டி, லேபர் டேயை (செப்டம்பரின் முதல் திங்கள்) ஒட்டி விதை தூவி, அதன்பின் உரம். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்கிறேன்.

முதலில் காலம். வசந்தத்தில் விதைப்பதை நான் நிறுத்தியே விட்டேன். ஏப்ரலில் முளைக்கும் புல் ஜூலைக்குள் ஆழமாக வேர் விடாது, முதல் அனலிலேயே போய்விடும். கிராப்கிராஸ் களையைத் தடுக்க ஏப்ரலில் போடும் மருந்து வேறு, பெரும்பாலும் புல் விதையையும் முளைக்க விடாது. செப்டம்பரில் நிலைமை தலைகீழ். மண்ணில் இன்னும் சூடு இருக்கும், இரவு குளிர்ந்திருக்கும். கிராப்கிராஸ் முதல் உறைபனியில் தானாகவே சாகும். புதுப் புல்லுக்கு இலையுதிர்காலம் ஒன்று, அடுத்த வசந்தம் ஒன்று என இரண்டு வளர்பருவம் கிடைத்த பிறகே கோடை வரும். வருடத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இந்த விதைப்பைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஏரேட்டரை வாடகைக்குத்தான் எடுக்கிறேன், நான்கு மணி நேரக் கணக்கில். நூறு கிலோவுக்கு மேல் கனம், சாதாரணக் காரில் ஏறாது. பிக்கப் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் வாடகையைப் பாதிப் பாதி போட்டு இரண்டு லானையும் ஒரே காலையில் முடித்துவிடுவோம். முந்தின நாள் மழை பெய்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாமே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். காய்ந்த களிமண்ணில் அது துள்ளிக்கொண்டு ஓடுமே தவிர, துளை போடாது. ஸ்ப்ரிங்க்ளர் தலைகள் இருக்கும் இடத்தில் சின்னக் கொடி நட்டு வைப்பது அவசியம். ஏரேட்டர் இரண்டு மூன்று அங்குல நீளத்தில் மண் உருளைகளைப் பிடுங்கிப் போடும். வாத்துக் கூட்டம் வந்து போன மாதிரி அசிங்கமாக இருக்கும், ஆனால் அள்ள வேண்டாம், மழையில் கரைந்துவிடும். ஏரேட்டருக்குப் பதில் ஆணி வைத்த செருப்புகளை வாங்காதீர்கள். அவை மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் இன்னும் இறுக்குகின்றன.

விதையில் என் ஓட்டு டால் ஃபெஸ்கியூ என்ற புல் வகைக்கு. கென்டக்கி புளூகிராஸ் பார்க்க அழகு, வெற்றிடத்தைத் தானாகப் பரவி மூடும். ஆனால் முளைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், கோடையில் தண்ணீர் நிறையக் கேட்கும். ஃபெஸ்கியூ பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தலை காட்டும், வேரும் ஆழம். இருக்கிற புல்லின் மேல் தூவ 1,000 சதுர அடிக்கு நாலு பவுண்டு போதும். மூட்டையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கச் சீட்டில் களை விதை எத்தனை சதவீதம், முளைப்புத் திறன் எந்த மாதம் சோதிக்கப்பட்டது என்று பாருங்கள். அதன்பின் இரண்டு வாரம் தினமும் இரண்டு வேளையாவது லேசாகத் தண்ணீர் காட்ட வேண்டும். இதுதான் இந்த முறையின் பெரிய தொல்லை. அந்த நேரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் விதையே வாங்க வேண்டாம்.

மேப்பிள் மரத்தடி மட்டும் இன்றுவரை எனக்கு மசியவில்லை. அக்டோபரில் பச்சைப் பசேல், ஜூனில் மறுபடி மண். அங்கே இனி மரச்சீவல் பரப்புவதுதான்.

விதைக்கும் முன் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாய் போலச் சுருண்டு வந்தால் கீழே வேர்ப்புழு இருக்கிறது. இந்தப் புழுக்களில் ஒரு வகை வளர்ந்து ஜப்பானிய வண்டாகும்; அந்த வண்டு அமெரிக்காவில் முதன்முதலாக 1916-ல் கண்டுபிடிக்கப்பட்டதே நம் ரிவர்டன் ஊருக்கு அருகில்தான்! சதுர அடிக்குப் பத்துக்கு மேல் இருந்தால் கவலைப்படலாம், இரண்டு மூன்றுக்கு மருந்து வேண்டாம். முன்பு எல்லோரும் போட்ட இமிடாகுளோபிரிட் வகை மருந்துகளை வீட்டு லானில் போட 2023 இறுதியிலிருந்து இங்கே தடை.

உரத்துக்கும் சட்டம் உண்டு. நியூ ஜெர்சிக் கரையோரத்தில் உள்ள பார்னகட் விரிகுடா மாசுபட்டதைத் தொடர்ந்து 2011-ல் வந்தது. நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் லானுக்கு உரம் போடக் கூடாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள உரம், புது விதைப்புக்கோ மண் பரிசோதனையில் குறை தெரிந்தாலோதான். ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண் அனுப்பிப் பார்த்தேன், எனக்குத் தேவைப்பட்டது சுண்ணாம்பு! விதைக்கும்போது ஒரு முறை, அக்டோபர் பாதியில் மெதுவாகக் கரையும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு முறை, அவ்வளவுதான் போடுகிறேன். தனியாக வின்டரைசர் போட்ட வருடத்துக்கும் போடாத வருடத்துக்கும் என் லானில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வெட்டும் உயரம் மூன்றங்குலத்துக்குக் குறையாமல், ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல். நவம்பர் கடைசி வெட்டில் மட்டும் சற்றுக் குறைக்கிறேன், நீண்ட புல் பனிக்கடியில் படுத்தால் பூஞ்சை பிடிக்கும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளுவதில்லை, புல் வெட்டும் இயந்திரத்தால் பொடியாக்கி அங்கேயே விடுகிறேன். இளம்புல் மேல் ஈர இலை கிடந்தால் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும்.

டெக்சாஸில் டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் இந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பெர்முடா, செயின்ட் அகஸ்டின் போன்ற வெப்பப் புல். பெர்முடா விதைக்கு வசந்தக் கடைசிதான் காலம், செயின்ட் அகஸ்டினைப் பெரும்பாலும் பாளமாக வாங்கித்தான் பதிப்பார்கள்.