தானே நிறம் மாறும் நூலா, நாமே மாற்றுவதா? குரோஷே டோட் பைக்கு ஒரு ஒப்பீடு

கேக் வடிவில் சுற்றி விற்கும், நிறம் மாறித் தானே பட்டை விழும் கேக் நூலின் மேலட்டையில் மஃப்ளரோ தொப்பியோ சால்வையோ போட்ட படம் ஒன்று இருக்கும். அந்தப் பட்டை பிடித்துப்போய் வாங்கிவந்து, கொக்கி ஊசியால் குரோஷேயில் டோட் பை (இரு கைப்பிடியுள்ள வாய்திறந்த பை) போட்டால், படத்தில் இருந்தது வராது. நூலில் குறை ஒன்றுமில்லை. ஒரு நிறம் எத்தனை மீட்டர் ஓட வேண்டும் என்பதை ஆலையிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அந்த மீட்டர் எத்தனை சுற்றுக்குக் காணும் என்பதை முடிவு செய்வது உங்கள் பையின் சுற்றளவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த நூல் நல்லது என்று பேசிப் பயனில்லை.

ஒப்பிடுவதற்கு ஒரே பையை வைத்துக்கொள்வோம். தட்டையாக வைத்தால் அகலம் 35 செ.மீ., உயரம் 38 செ.மீ. வொர்ஸ்டெட் எனும் நடுத்தரத் தடிமன் நூல், 4.5 மி.மீ. கொக்கி ஊசி, முழுக்கச் சிங்கிள் குரோஷே எனும் குட்டைத் தையல். அமெரிக்க முறையில் சொல்கிறோம். பிரிட்டன் பேட்டர்னில் இதே தையலை டபிள் குரோஷே என்று எழுதியிருப்பார்கள், ஏமாந்துவிட வேண்டாம். இறுக்கம் 10 செ.மீ.க்கு 14 தையல், 16 சுற்று. நூல் பாக்கெட்டில் 5 அல்லது 5.5 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தாலும் அது ஸ்வெட்டருக்குச் சொன்னது. பைக்கு ஓர் அளவாவது குறைத்தால்தான் ஓட்டை விழாது, பேனா முனை வெளியே எட்டிப் பார்க்காது.

அடிப்பாகம் நீள்வட்டம். 40 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 38 தையல், கடைசிச் சங்கிலியில் 3, மறுபக்கமாகத் திரும்பி 37, தொடங்கிய சங்கிலியிலேயே 2. மொத்தம் 80. அடுத்த மூன்று சுற்றிலும் இரு முனைகளிலும் மும்மூன்று கூட்டினால் 86, 92, 98. அங்கே கூட்டுவதை நிறுத்தி 98 தையலிலேயே மேலே ஏற வேண்டியதுதான். 61 சுற்றில் 38 செ.மீ. வந்துவிடும்.

இந்த இறுக்கத்தில் ஒரு தையலுக்குச் சுமார் 5 செ.மீ. நூல் போகும். உங்கள் கைக்கு எவ்வளவு என்று பார்ப்பது எளிது. மாதிரித் துண்டில் 20 தையலைப் பிரித்து, நூலை இழுக்காமல் நீட்டி அளந்து, 20 ஆல் வகுத்துவிடுங்கள். 98 தையலுக்குக் கிட்டத்தட்ட 4.9 மீட்டர். அதாவது நம் பையில் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் நூல். இனி வருவதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

கேக் நூல்

கேரன் கேக்ஸ் என்ற கேக் நூலில் முதலில் வந்த வகை 200 கிராம், 350 மீட்டர். 80 சதவீதம் அக்ரிலிக், 20 சதவீதம் கம்பளி. அப்படிப்பட்ட கேக்கில் ஐந்து நிறம் சம அளவில் இருந்தால் ஒரு நிறத்துக்கு 70 மீட்டர், நம் பையில் 14 சுற்று, கிட்டத்தட்ட 9 செ.மீ. அகலப் பட்டை. பை முழுக்க நான்கு பட்டையும் ஐந்தாவதில் கொஞ்சமும்தான். அகலமான, அமைதியான பட்டை கேட்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. முதல் கண்ணியிலிருந்து கடைசி வரை கத்தரிக்கோலே வேண்டாம், துணிக்குள் செருகி மறைக்க வேண்டிய நூல் நுனி இரண்டே இரண்டு.

மெல்லிய கோடு கேட்பவருக்கு இது உதவாது. சாக்ஸுக்கென்று வரும் பட்டை நூலை எடுத்தால் கதை தலைகீழ். அதில் நிற நீளங்களை அமைப்பதே சாக்ஸின் சின்னச் சுற்றுக்காகத்தான். 70 செ.மீ. சுற்றளவுள்ள பையில் ஒரு நிறம் பாதிச் சுற்றிலேயே தீர்ந்துவிட, பட்டைக்குப் பதில் அங்கங்கே திட்டுத்திட்டாக நிறம் விழும். வாங்கும் முன் கண்டின் ஓரத்தைப் பாருங்கள். கேக் வடிவில் நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். வளையம் தடிமனாக இருந்தால் பட்டையும் அகலம். நீளமான கண்டாகச் சுற்றியிருந்தால் இப்படிக் கணிக்க முடியாது, வீட்டில் ஒரு நிறத்தை உருவி அளந்துதான் பார்க்க வேண்டும்.

கணக்கு ஒரே வரிதான்: நிறத்தின் நீளத்தை ஒரு சுற்றுக்கான நீளத்தால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை. பட்டை அதிக அகலம் என்று தோன்றினால் சரிக்கட்ட வழியும் உண்டு. ஒரே வகைக் கேக் இரண்டு வாங்கி, ஒன்றை உள்நுனியிலிருந்தும் மற்றதை வெளிநுனியிலிருந்தும் எடுத்து, சுற்றுக்கொன்றாக மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டிலும் நிறம் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் ஒற்றைச் சுற்றுக் கோடுகள் கிடைக்கும். நிற வரிசையின் நடுவில் இரண்டும் ஒரே நிறத்தில் சந்திக்கும் இடத்தில் மட்டும் கோடு மறைந்து போகும். குறுகிய நிற நீளமுள்ள நூலுக்கு எதிர் வைத்தியம்: பையை வட்டமாகப் போடாமல் 35 செ.மீ. அகலத்தில் இரண்டு தனித் துண்டாகப் போடுவது. வரிசைக்கு 2.5 மீட்டர்தான் செலவாகும், ஆகவே பட்டை இரட்டிப்பு அகலமாகும். ஆனால் இரண்டு துண்டும் ஒரே நிறத்தில், அந்த நிறத்தின் ஒரே இடத்தில் தொடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் இணைக்கும்போது முன்பக்கத்து நீலம் பின்பக்கத்துப் பச்சையோடு போய் நிற்கும்.

கேக் நூலில் பலர் கவனிக்காமல் விடுவது அடிப்பாகம். 80, 86, 92, 98 என்று நான்கு சுற்றில் 356 தையல், ஏறக்குறைய 18 மீட்டர். முதல் நிறத்தின் கால்வாசியை யார் கண்ணிலும் படாத அடிப்பாகம் தின்றுவிடுகிறது. அதனால் மேலே வரும் முதல் பட்டை மற்றவற்றைவிடக் குறுகிப்போகும். அடிப்பாகத்தை வேறொரு தனி நிறத்தில், முடிந்தால் அழுக்குத் தெரியாத அடர்நிறத்தில் போட்டுவிட்டு, கேக்கை 98 தையல் சுற்றிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். உடலுக்கு 300 மீட்டர் போனபின் கேக்கில் மிஞ்சுவது 50 மீட்டர். இரண்டு கைப்பிடிக்கு அது இழுபறிதான், எனவே கைப்பிடிக்கும் அந்த அடர்நிறமே நல்லது.

கேக்குக்குள் முடிச்சு வரும் என்பதையும் எதிர்பார்த்தே உட்காருங்கள். நிறம் மாறும் இடத்தில் வந்தால் பரவாயில்லை. அவிழ்த்து இரு நுனியையும் செருகிவிடலாம். நிறத்தின் நடுவே முடிச்சு வந்து, அதற்கடுத்து வரிசையிலேயே இல்லாத நிறம் தொடங்கினால்தான் தலைவலி. மேற்கொண்டு போடாமல் மீதியை உருவிக்கொண்டே போய், சரியான நிறம் வரும் இடத்தில் வெட்டி இணையுங்கள். இரண்டாவது கேக் வாங்கும்போது நிற எண் ஒன்றாக இருந்தாலும் நிற வரிசை தலைகீழாகச் சுற்றியிருக்கக்கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

மெல்லிய கேக்குகளின் அழகில் மயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷீப்யெஸ் வேர்ல் என்ற மெல்லிய நூலில் கண்டு ஒன்றிலேயே 1000 மீட்டர், நிறம் நகர்வது தெரியாமல் நகரும். ஆனால் அது முறுக்கில்லாத நான்கு இழை. இறுக்கிப் போடும் சிங்கிள் குரோஷேயில் ஊசிமுனை இழைகளுக்கு நடுவே குத்திக்கொண்டே இருக்கும், துணியும் பைக்குத் தேவையான திண்மை பெறாது. சால்வைக்குரிய நூலைச் சால்வைக்கே விட்டுவிடலாம்.

தனி நிறங்கள், வெட்டி மாற்றுவது

எத்தனை சுற்றில் நிறம் மாற வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில். கணக்கு வேண்டாம், ஆலையின் தயவு வேண்டாம். சுத்தப் பருத்தியும் எளிதில் கிடைக்கும். லில்லி சுகர்ன் கிரீம் என்ற பருத்தி நூலின் தனி நிறக் கண்டு 71 கிராம், 109 மீட்டர். உடல், அடி, கைப்பிடி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 370 மீட்டர் வேண்டும், ஆக நான்கு கண்டு.

இதற்கு விலை நுனிகள். நான்கு சுற்றுக்கு ஒரு பட்டை என்றால் 61 சுற்றில் 15 பட்டை, 14 தடவை மாற்றம், 28 நுனி. இரண்டு சுற்றுப் பட்டை என்றால் அது இரட்டிக்கும். பருத்தி வழுக்கும். கம்பளிபோல் ஒன்றையொன்று பற்றாது. ஒரே திசையில் செருகிய நுனி இரண்டாவது சலவையில் வெளியே வந்துவிடும். 15 செ.மீ. நுனி விட்டு, ஒரு பக்கம் செருகி, ஒரு இழையைத் தாண்டித் திரும்பி, மறுபடி முதல் திசைக்கே வந்து வெட்ட வேண்டும். சோம்பல் பட்டால் அடுத்த சுற்றுத் தையலுக்குள்ளேயே நுனியை வைத்து மூடிக்கொண்டு போகலாம், ஆனால் வெள்ளைப் பட்டைக்குள் ஓடும் கருநீல நுனி வெளியே நிழலடிக்கும்.

நிறம் மாற்றும் இடம் முக்கியம். பழைய நிறத்தின் கடைசித் தையலில் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும்போதே புது நிறத்தை இழுத்து முடிக்க வேண்டும். தையலை முழுதாக முடித்துவிட்டு மாற்றினால் புதுப்பட்டையின் முதல் தையல் தலையில் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். நிற்காத சுழல் சுற்றாகப் போட்டால் மாறும் இடத்தில் ஒரு படி ஏறும். புது நிறத்தின் முதல் தையலைச் சிங்கிளுக்குப் பதில் உயரமில்லாத ஸ்லிப் தையலாகப் போட்டால் படி ஓரளவு மறையும். கேக் நூலிலும் இந்தப் படி உண்டு. அங்கே சுற்றின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வரும். நிறம் மங்கி மங்கி மாறும் கேக்கில் தெரியாது. சட்டென மாறும் நூலில் முன்பக்கத்து நடுவில் பல்லிளிக்கும். அங்கே ஒரு சுற்றுக்குள் அடங்கும் நூலை வெட்டி எறிந்துவிட்டு மாற்றத்தைப் பக்கவாட்டுக்குத் தள்ளலாம், ஒவ்வொரு தடவையும் அதிகபட்ச நஷ்டம் 5 மீட்டர்.

சுற்றுக்குச் சுற்று ஸ்லிப் தையலால் இணைத்துப் போடுபவர்களுக்கு வேறொரு தொல்லை. சிங்கிள் குரோஷே கீழ்த் தையலுக்கு நேர்மேலே உட்காராமல் சற்று ஒதுங்கியே உட்காரும். வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் ஒதுங்கும். 61 சுற்று ஏறும்போது பக்கவாட்டில் தொடங்கிய இணைப்புக்கோடு முன்பக்கம் வந்து நிற்கும். நூலை ஊசியின் மேலாகச் சுற்றாமல் கீழாகக் கொக்கியில் மாட்டி இழுத்தால் தையல் எக்ஸ் வடிவில் இறுகி, சாய்வு வெகுவாகக் குறையும். நூலும் கொஞ்சம் மிச்சம். கைப்பிடியை இணைப்புக்கோட்டிலிருந்து எண்ணிப் பொருத்தாமல், பையைத் தட்டையாக மடித்துப் போட்டு அளந்தே பொருத்துங்கள்.

வெட்டாமல் இரு நிறம்

மூன்றாவது வழி பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. எங்களைக் கேட்டால் தினசரிப் பைக்கு முதலிடம் இதற்கே. இரண்டு தனி நிறப் பருத்தி, இரண்டையும் வெட்டாமல் ஏற்றிக்கொண்டே போவது. ஆளுக்கு இரண்டு சுற்று என்றால் ஓய்வில் இருக்கும் நூல் பையின் உட்புறமாக இரண்டு சுற்று உயரம்தான் தாவும். அந்தத் தாவலை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இறுகினால் அந்தப் பக்கம் சுருங்கி, பை ஒருக்களித்து நிற்கும். நான்கு சுற்றுக்கு மேல் தாவல் நீண்டால் சாவி மாட்டிக்கொள்ளும், அப்போது உள்துணி கட்டாயம்.

ஒற்றைச் சுற்றுக் கோடு வேண்டுமென்றால் இன்னும் நேர்த்தி. முதல் நிறத்தில் ஒரு சுற்று போட்டு, கண்ணி அவிழாதபடி அதில் குறிப்பூசி (சின்னப் பின்) மாட்டி விட்டுவிடுங்கள். அது தொடங்கிய இடத்திலேயே இரண்டாம் நிறத்தை இணைத்து, முதல் நிறத்தின் மேலேயே போட்டுவந்து, அதன் கண்ணி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது முதல் நிறத்தை எடுத்து இரண்டாவதன் மேல் போடுங்கள். ஒன்று மற்றொன்றை ஒருபோதும் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. படி இல்லை, தாவல் இல்லை, இணைப்புக்கோடு இல்லை, கண்டு தீர்ந்து புதிது சேர்ப்பதை விட்டால் நுனி நான்கே. கண்டுகள் இரண்டும் பின்னிக்கொள்ளும். பத்து சுற்றுக்கொரு முறை பையைத் திருப்பி அவிழ்த்துவிட வேண்டியிருக்கும்.

நிற வகை இரண்டோடு நிற்பதுதான் இதன் குறை. ஐந்து நிறம் குழைந்து வரும் அழகை இதில் எதிர்பார்க்க முடியாது.

எடை தாங்குமா

அக்ரிலிக் கலந்த கேக்கில் போட்ட பை 200 கிராமை ஒட்டி நிற்கும், பருத்தியில் 240க்கு மேல். லேசான பை என்பது கையில் எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு தேங்காயும் போட்டால் அக்ரிலிக் பை முழங்கால்வரை இறங்கும். புத்தகம், துப்பட்டா, டிபன் பாக்ஸ் என்றால் கேக் நூல் போதும். சந்தைக்கு என்றால் பருத்திதான். பருத்தியில் சிவப்பும் கருநீலமும் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்தால், நனைத்த வெள்ளைத் துணியில் நூலை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்; சாயம் ஒட்டினால் அந்த ஜோடி வேண்டாம். அக்ரிலிக்கில் அந்தப் பயமில்லை, ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி தொய்ந்து, பிறகு எதைச் செய்தாலும் மீளாது.

எந்த நூலானாலும் முதலில் தொய்வது கைப்பிடி. 7 தையல் அகலத்தில் குறுக்கே வரிசை வரிசையாகப் போட்ட கைப்பிடி ஒரு மாதத்தில் நீண்டுவிடும். 85 சங்கிலி போட்டு நீளவாக்கில் ஆறு வரிசை போடுங்கள், 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் கிடைக்கும், சங்கிலி அடித்தளமே இழுவையைத் தாங்கும். பின்புறம் அதே நீளத்தில் பருத்தி நாடா ஒன்றைத் தைத்துவிட்டால் கைப்பிடி நீள வழியே இல்லை. பையில் பொருத்தும்போது விளிம்பில் மட்டும் ஒட்டாமல், வாயிலிருந்து 5 செ.மீ. கீழே வரை இறக்கி, நான்கு பக்கமும் சுற்றி, நடுவில் பெருக்கல் குறிபோல் தைக்க வேண்டும். தைக்கும் நூல் குரோஷே நூலாக இருக்கக் கூடாது. பட்டன் தைக்கும் தடித்த பாலியெஸ்டர் நூல் போதும்.