ஜன்னல் குளிருக்கு எது தேறும்: பட்டையா, ஃபிலிமா, திரையா, புதுக் கண்ணாடியா?

ஜன்னல் ஓரம் சில்லென்று இருந்தால் பலரும் முதலில் வாங்குவது கனமான திரைதான். என் வரிசையில் அது மூன்றாவது இடம். ஏனென்றால் குளிர் இரண்டு விதமாக வருகிறது: சட்டத்து இடுக்கு வழியாகக் காற்றாகவே நுழைவது ஒன்று, கண்ணாடி வழியே அறைச் சூடு வெளியே போய்விடுவது இன்னொன்று. முதலாவதற்கான மருந்து இரண்டாவதற்கு வேலை செய்யாது.

எது உங்கள் பிரச்சினை என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். வெளியே காற்று பலமாக இருக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். ஏதாவது ஒரு இடத்தில் புகை சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது. ஒடியாமல் கண்ணாடியை ஒட்டி கீழ்நோக்கி இழுபட்டால், அது வெளிக்காற்றே இல்லை; அறைக் காற்றுதான் கண்ணாடியில் பட்டு ஆறி, கனத்து, கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து வந்து காலைத் தொடுகிறது. இதை ஓட்டை என்று நினைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க சிலிகோன் பசையை அப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இடுக்குதான் என்றால், சட்டத்தின் விளிம்பில் ஒட்டி இடுக்கை அடைக்கும் பட்டையை மிஞ்ச எதுவுமில்லை. செலவும் குறைவு, பலனும் அன்றைக்கே தெரியும். ஆனால் எந்தப் பட்டை? ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை எங்கும் கிடைக்கும், ஒட்டுவதும் சுலபம், ஆனால் ஓரிரு குளிர்காலத்திலேயே நசுங்கித் தட்டையாகிவிடும். ரப்பர் பட்டை கொஞ்சம் விலை கூட, ஆனால் வருடக்கணக்கில் நிற்கும், எனவே என் ஓட்டு அதற்கே. தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கு இரண்டுமே வேண்டாம், உராய்ந்து பிய்ந்துவிடும்; பிரஷ் மாதிரி முடி வைத்த பட்டைதான் சரி. தடிமன் தெரியாமல் வாங்கினால் ஜன்னல் பூட்டாது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு உருண்டையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி இடுக்கில் வைத்து ஜன்னலை மூடித் திறந்தால், எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதுதான் இடுக்கின் அளவு. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற விரிசலுக்கு மட்டும் பட்டை உதவாது, அங்கே விரிசலை அடைக்கும் பசையான சீலன்ட்தான்.

சரி, பிரச்சினை கண்ணாடி என்றால்? ஒற்றைக் கண்ணாடி சூட்டை அப்படியே வெளியே விட்டுவிடும்: உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே சதுர மீட்டருக்கு 5 முதல் 6 வாட் வரை போகும். அறை 20 டிகிரி, வெளியே 0 என்று வைத்துக்கொண்டால் கண்ணாடியின் உள்பக்கம் சுமார் 5 டிகிரிதான் இருக்கும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் 9 டிகிரிக்கு வந்ததுமே நீர் கோர்க்கத் தொடங்கும். காலையில் கண்ணாடி வியர்த்து, சொட்டி, சட்டத்தின் அடியில் கருப்பாகப் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான்.

இதற்கு மலிவான மாற்று, ஹேர் டிரையரால் சூடுகாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம். தடுப்பது அந்தப் பிளாஸ்டிக் அல்ல, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. டேப்பைக் கண்ணாடியில் ஒட்டாமல், துடைத்து உலர்ந்த சட்டத்தில் நான்கு பக்கமும் விடாமல் ஒட்டவேண்டும். ஒரு மூலையில் இடைவெளி விட்டாலும் ஈரக்காற்று உள்ளே போய், துடைக்கவே முடியாத இடத்தில் வியர்க்கும். முதலில் சுருக்கம் சுருக்கமாகக் கண்றாவியாகத்தான் இருக்கும், சூடு பட்டதும் விறைத்து, இருப்பதே தெரியாமல் போய்விடும். அந்த ஜன்னலைக் குளிர்காலம் முடியும்வரை திறக்கமுடியாது என்பது பெரிய குறை. பிரிக்கும்போது பெயின்ட்டும் கூட வரலாம். வீட்டில் பூனை இருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள்.

பபிள் ராப்? தண்ணீர் தெளித்து ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், ஒரு நிமிடத்தில் உரித்துவிடலாம். ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது, விளிம்பு இடுக்குகளும் அப்படியே இருக்கும். குளியலறைக்கு, சாமான் அறைக்கு ஓகே.

திரைக்கு வருவோம். சும்மா தொங்கவிட்டால் அதன் பின்னால் ஆறிய காற்று அடியில் கொட்டும், மேலே இருக்கும் இடைவெளி வழியே சூடான காற்று உள்ளே இழுபடும். அதாவது சுழற்சி நின்றபாடில்லை. மேலே மூடியிருக்கவேண்டும், பக்கங்கள் சுவரைத் தொடவேண்டும், அடி தரையிலோ ஜன்னல் திட்டிலோ படியவேண்டும். கீழே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்தால் அதை மறைக்கவே கூடாது, மறைத்தால் அந்தச் சூடு கண்ணாடிக்குத்தான் போகும். இவ்வளவும் செய்தாலும் அது இரவுக்கு மட்டுமே. பகலில் வெயில் வரும் ஜன்னலில் திரையைத் திறந்துவிடத்தானே வேண்டும்? தேன்கூடு அறைகள் கொண்ட மடிப்புத் திரை, தனக்குள்ளேயே காற்றைப் பிடித்து வைப்பதால் சாதாரணத் துணியைவிட மேல், விலையும் மேல்.

இரட்டைக் கண்ணாடி போட்டால் அதே 20-க்கு 0 கணக்கில் உள்பக்கம் 12, 13 டிகிரிக்கு ஏறும். சூட்டைத் திருப்பியனுப்பும் பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் இருந்தால் 17-ஐ ஒட்டி வரும். இதோடு எதுவும் போட்டி போடமுடியாது. ஆனால் வெப்பத்தடுப்பு இல்லாத அலுமினியச் சட்டத்தில் அதை மாட்டினால் சட்டமே சூட்டைக் கடத்திவிடும், காசில் பாதி வீண். வாடகை வீடென்றால் பேச்சே இல்லை: ரப்பர் பட்டை, அதன்மேல் ஃபிலிம். சொந்த வீட்டில்கூட, பழைய சட்டம் உறுதியாக இருந்தால் இந்த ஜோடியோடு ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கண்ணாடி மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு அறையிலும் அவசரத்துக்குத் திறக்க ஒரு ஜன்னலை விட்டுவையுங்கள். கேஸ் அடுப்போ விறகு அடுப்போ எரியும் அறையில் காற்றுத் துவாரத்தை அடைக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதற்கான அலாரம் ஒன்றைப் பட்டை வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்.