கிட்டாரில் பிடியைத் தளர்த்தி வாசித்தல்: நீண்ட காலப் பயன்பாட்டில் எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை

கிட்டார் என்றால் கை வலிக்கத்தான் செய்யும், வலித்தால்தான் பழகும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். அது பாதிதான் உண்மை. விரல்நுனித் தோல் காய்த்துப்போகும்வரை, முதல் மூன்று நான்கு வாரம் நுனி எரியும். அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை, மணிக்கட்டு, முன்னங்கை, தோள்பட்டை, கழுத்து இவற்றில் வலி வந்தால் அது பழக்கம் போதாததால் வருவதல்ல. தேவைக்கு மேல் அழுத்துவதால் வருவது. தேவையான அளவு மட்டும் அழுத்தி வாசிக்கும் முறையை வருடக்கணக்கில் கடைப்பிடித்தால் எவையெல்லாம் பலன் தருகின்றன, எவை முதல் வாரத்து உற்சாகத்தோடு சரி என்பதுதான் இங்கே விஷயம்.

கையைத் திருத்துவதற்கு முன் கருவியைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் பலன் இல்லை. 12ஆவது ஃப்ரெட்டின் (நெக் எனப்படும் கழுத்துப் பகுதியின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) மேற்பரப்புக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஆக்‌ஷன். ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக்கில் ஆறாம் தந்திக்கு (தடித்தது) 2.4 மி.மீ., முதல் தந்திக்கு (மெல்லியது) 1.8 மி.மீ. அளவில் இருந்தால் வசதி. எலெக்ட்ரிக்கில் 1.6, 1.2 வரைகூட இறக்கலாம். நைலான் தந்தி கிளாசிக்கலில் 4, 3 மி.மீ. என்பது வழக்கமான அளவு. நைலான் அதிகமாக அலைவதால் அதற்கு அந்த இடம் வேண்டும். அக்கூஸ்டிக்கில் 3.5 மி.மீ. இருக்கும்போது ‘தளர்வாக வாசி’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஆக்‌ஷனை எல்லோரும் பார்ப்பார்கள், நட்டை (நெக்கின் தலைமுனையில் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு) யாரும் பார்ப்பதில்லை. புதிதாகக் கற்பவர்கள் வாசிப்பதோ பெரும்பாலும் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள். அங்கே கனம் கூட்டுவது நட்தான். சோதனை எளிது: மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் தந்தி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு, அதாவது 0.1 மி.மீ. சுமார் இருந்தால் போதும். கண்ணுக்குத் தாராளமாகத் தெரிகிற இடைவெளி இருந்தால் நட் உயரம். இன்னொரு அறிகுறியும் உண்டு. எஃப் கார்டை (கார்டு என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கைவடிவம்) முதல் ஃப்ரெட்டில் பிடிக்க உயிர் போகிறது, அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால் சுலபமாக இருக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் நட்தான், உங்கள் விரல் அல்ல.

நெக்கின் வளைவு மூன்றாவது. முதல் ஃப்ரெட்டையும் 14ஆவது ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டின் மேல் 0.2 மி.மீ. அளவில் இடைவெளி தெரிய வேண்டும். சரிசெய்யும் வரிசை: முதலில் ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைத் திருத்த அதனுள் இருக்கும் உலோகத் தண்டு), பிறகு நட், கடைசியில் சேடில் (உடலில் உள்ள பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் துண்டு). ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். திருகியபின் மறுபடி ட்யூன் செய்துவிட்டு அளக்க வேண்டும். சேடிலைத் தேய்க்கும்போது ஒரு கணக்கு: 12ஆவது ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலின் அடியில் 1 மி.மீ. போக வேண்டும். நட் வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாகிவிட்டால் ஓபன் தந்தி (விரல் அழுத்தாத தந்தி) முதல் ஃப்ரெட்டில் கரகரக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஆக்‌ஷனை அளவுக்கு மீறி இறக்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பலமாக ஸ்ட்ரம் செய்யும்போது (தந்திகளைச் சேர்த்து வருடி மீட்டும்போது) தந்தி ஃப்ரெட்டில் மோதி இரைகிறது. வாசிப்பவர் விரல்தான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துகிறார்.

தந்தி செட்டுக்கு வருவோம். அக்கூஸ்டிக்குகள் பெரும்பாலும் 12-53 செட்டோடு (மெல்லிய தந்தி 0.012 அங்குலம், தடித்தது 0.053 அங்குலம்) வருகின்றன. ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை எழுபது கிலோ அளவில் இருக்கும். 11-52க்கு இறங்கினாலே வித்தியாசம் தெரியும், 10-47 இன்னும் இலகு. செட்டை மாற்றாமலும் இழுவிசையைக் குறைக்கலாம்: எல்லாத் தந்தியையும் அரைச்சுரம் இறக்கினால் சுமார் 11 சதவீதம், முழுச்சுரம் இறக்கினால் சுமார் 20 சதவீதம் குறையும். முழுச்சுரம் இறக்கி இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும், இழுவிசை குறைந்தபடியே இருக்கும், நட்டின் உயரமும் கணக்கிலிருந்து போய்விடும், ஃப்ரெட்டுகளும் நெருக்கமாகக் கிடைக்கும். புதியவருக்கு இதைவிட மலிவான உதவி கிடையாது. இழுவிசையைக் குறைப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களுக்கு: பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த பிறகு மெல்லிய தந்திகளுக்கு மாறினார், 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் இறக்கியும் வாசித்தார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலி என்று உலகம் கொண்டாடுவதில் அந்த இறக்கத்துக்கும் பங்கு உண்டு.

மெல்லிய தந்திக்கும் குறைகள் உண்டு. ஒலியின் அளவு கொஞ்சம் குறையும், ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் சுருதி ஆடும். இழுவிசை குறைந்ததும் நெக் நிமிர்ந்துவிடுவதால் முதல் சில ஃப்ரெட்டுகளில் இரைச்சல் வரலாம். ட்ரஸ் ராடைச் சற்றுத் தளர்த்தினால் சரியாகிவிடும். தந்தி தரமில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உட்காரும் விதத்தில் ஒரே ஒரு சோதனை: இரண்டு கைகளையும் எடுத்துவிட்டால் கிட்டார் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனியில் தந்தி முடுக்கும் தலைப்பகுதி) கீழே சரிகிறதென்றால் இடது கை தாங்குவேலையும் சேர்த்துச் செய்கிறது. அந்தக் கையிடம் தளர்வை எதிர்பார்க்க முடியாது. தலைப்பக்கம் கனமான எலெக்ட்ரிக்குகளுக்கு, உட்புறம் சொரசொரப்பான அகலமான ஸ்ட்ராப் போட்டு, நின்றாலும் உட்கார்ந்தாலும் கிட்டார் ஒரே உயரத்தில் இருக்கும்படி நீளம் வையுங்கள். உட்கார்ந்து பயிற்சி செய்து, நிற்கும்போது முழங்கால்வரை தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிந்துதான் ஆகும். ஹெட்ஸ்டாக் தோளுக்குக் குறையாத உயரத்தில், நெக் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் இடது மணிக்கட்டு கிட்டத்தட்ட நேராக நிற்கும். இடது காலடியில் 12 முதல் 15 செ.மீ. உயர ஸ்டூல் வைப்பது பழைய வழி. கைக்கு நல்லது, ஆனால் நாள்பட்டால் சிலருக்கு இடுப்பின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறது. இரு பாதமும் தரையில் இருக்க, கிட்டாரைத் தூக்கித் தரும் சப்போர்ட்டுகள் இந்த விஷயத்தில் மேல். உறிஞ்சுக் குமிழ் வைத்த வகையில் கவனம் தேவை: நைட்ரோ லாக்கர், ஃப்ரெஞ்சு பாலிஷ் பூச்சுகளை ரப்பர் கெடுத்துவிடும், நடுப்பாட்டில் குமிழ் விட்டுப்போவதும் நடக்கும்.

வலது தோள் உயர்ந்தே இருக்கிறதா? டிரெட்நாட் எனும் பெரிய அக்கூஸ்டிக் வகையின் உடல் சுமார் 40 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம். குட்டையான கைக்கு அதன்மேல் ஏறித் தந்தியைத் தொடுவதே ஒரு வேலை. ஓ.எம். போன்ற சிறிய உடல் இதைத் தீர்த்துவிடும். கருவியை மாற்ற முடியாதவர்கள் கிட்டாரின் கீழ்ப்பகுதியை உடம்பிலிருந்து சற்று விலக்கிச் சாய்த்துப் பார்க்கலாம்.

இனி அழுத்தம். ஐந்தாவது ஃப்ரெட், மூன்றாம் தந்தி. விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் வையுங்கள், அழுத்தாதீர்கள். மீட்டினால் ‘டக்’ என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டினால் முதலில் இரைச்சல், பிறகு தெளிவான ஒலி. தெளிந்த அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. பெரும்பாலோர் அதைவிடப் பலமடங்கு அழுத்தி வாசிப்பது இதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். அதே விரலை ஃப்ரெட் இடைவெளியின் நடுவுக்கு நகர்த்தி மறுபடி செய்தால், தெளிவான ஒலிக்கு எவ்வளவு கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது என்பதும் கைக்குத் தெரிந்துவிடும். சுருதி காட்டும் க்ளிப் ட்யூனரை மாட்டிக்கொண்டு செய்வது இன்னும் நல்லது. அளவுக்கு மேல் அழுத்தினால் தந்தி ஃப்ரெட்டுக்குப் பின்னால் கீழே வளைகிறது, சுருதி ஏறுகிறது, முள் வலப்பக்கம் போகிறது. ஃப்ரெட் உயரமான கிட்டார்களில் இது பளிச்சென்று தெரியும். ட்யூன் சரியாக இருந்தும் கார்டு மட்டும் புளிக்கிறது என்பவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்க்கலாம்.

இது பாதி வேலை. மீதிப் பாதிதான் நீண்ட காலத்தில் அதிகப் பலன் தருவது: அழுத்தியதை விடுவது. தாள அடி காட்டும் மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு அடியில் அழுத்துங்கள். அடுத்த அடியில் விரல் தந்தியைத் தொட்டபடியே அழுத்தத்தை முழுக்க விடுங்கள். விரலைத் தூக்கக் கூடாது, தந்திதான் தானாக எழ வேண்டும். தினமும் நான்கைந்து நிமிடம் போதும். பிறகு கார்டு மாற்றத்தில் இதையே செய்யலாம். ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது, கடைசி அரை அடியில் எல்லா விரலும் அழுத்தம் விட்டுத் தொட்டபடி நிற்கட்டும், அங்கிருந்து நகரட்டும். கார்டு மாற்றம் மெதுவாக இருப்பவர்களைக் கவனித்தால், விரல்கள் பழைய கார்டை இறுக்கிப் பிடித்தபடியே புதிய கார்டுக்குக் கிளம்பப் பார்க்கும். இறுகிய விரலுக்கு வேகம் வராது.

பார் கார்டு (ஆள்காட்டி விரலைப் பல தந்திகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிப்பது) பலருடைய கட்டைவிரலைப் பதம் பார்ப்பது. எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டியதில்லை. ஆறாவது, இரண்டாவது, முதல் தந்தி மூன்றும் ஒலித்தால் போதும், மற்றவற்றை வேறு விரல்கள் பிடித்திருக்கின்றன. இரண்டாவது ஃப்ரெட் பி மைனரில் ஐந்தாவதும் முதலாவதும் மட்டும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றுப் புரட்டி எலும்பு விளிம்பால் அழுத்துங்கள். சதைமடிப்பில் தந்தி விழுந்தால் விரலை ஒரு துளி மேலே கீழே நகர்த்துங்கள். பிறகு கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு அதே கார்டை ஒலிக்க வையுங்கள். வலது முன்னங்கை கிட்டார் உடலை லேசாக அணைத்திருக்க, இடது முழங்கை தன் கனத்தில் பின்னோக்கி இழுத்தால் இது நடக்கும். கட்டைவிரல் இல்லாமல் வாசியுங்கள் என்று சொல்லவில்லை. அதன் பங்கு எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ளவே இது. இதையே முழுநேர முறையாக்கிக்கொள்பவர்களுக்கு வலி கட்டைவிரலிலிருந்து தோளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

வலது கைக்குச் சுருக்கமாக: பிக்கின் (மீட்டும் சிறு தகட்டின்) நுனி 3, 4 மி.மீ. மட்டும் வெளியே இருக்கட்டும். வாசிக்கும்போது பிக் சுழன்றுவிடுகிறதென்றால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், மேற்பரப்பு சொரசொரப்பான பிக் வாங்குங்கள். ஒலி கூட வேண்டுமானால் கையின் வேகம் கூட வேண்டும், பிடி அல்ல.

இப்போது கால அளவில் பார்ப்போம். முதல் இரண்டு வாரம் வாசிப்பு மோசமாகும். இரைச்சல், செத்த ஒலி, தவறிய கார்டு எல்லாம் வரும். பலர் விட்டுவிடுவது இங்கேதான். ஓபன் கார்டுகள் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். பார் கார்டுக்கு மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதற்குப் பிறகும் பழைய இறுக்கம் சொல்லாமல் திரும்பி வரும்: புதிய பாட்டு, வேகமான பகுதி, பாடிக்கொண்டே வாசிப்பது, குளிர்ந்த கை, மேடை, பதிவுக் கருவி ஓடுகிறது என்ற நினைப்பு. மூச்சைப் பிடித்திருக்கிறீர்களா, தாடை இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கைக்கு முன்னால் அவைதான் காட்டிக்கொடுக்கும். எந்த வேகத்தில் இறுக்கம் தொடங்குகிறதோ அதிலிருந்து 10, 15 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை அடி) குறைத்துப் பயிற்சி செய்தால் போதும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கிட்டாரைக் கீழே வையுங்கள். நிகழ்ச்சி வருகிறதென்று பயிற்சி நேரத்தைத் திடீரென இரட்டிப்பாக்குவதுதான் காயத்துக்குக் குறுக்குவழி.

ஸ்பிரிங் வைத்த விரல் பலமூட்டிகள் காசுக்குக் கேடு. குறை பலத்தில் இல்லாதபோது பலத்தைக் கூட்டி என்ன செய்வது? விரல் உறைகளும் அப்படித்தான். தந்தி எங்கே இருக்கிறது என்ற உணர்வையே மறைத்துவிடுகின்றன.

இந்த முறையால் தீராதவையும் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் மரத்துப்போதல். அல்லது சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் கூச்சம். இரவில் கை மரத்து விழிப்பது. வலியே இல்லாமல் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்காமல் மடிந்துகொள்வது. இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இன்னும் தளர்வாக வாசித்தால் சரியாகிவிடும் என்று நாள் கடத்த வேண்டாம்.

பல மாதம் நன்றாக இருந்த கை ஒரே வாரத்தில் மறுபடி வலிக்கத் தொடங்கினால் முதலில் அளவுகோலை எடுங்கள். ஈரப்பதம் ஏறினால் அக்கூஸ்டிக்கின் மேற்பலகை உப்பி பிரிட்ஜைத் தூக்கும், ஆக்‌ஷன் அதோடு உயரும். கிட்டார் இருக்கும் அறையில் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 12ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தால் விரலுக்கு அது நன்றாகவே தெரியும்.