சிஸ்கோ 1841: வி-லேன்களுக்கு இடையே ரவுட்டிங் செய்ய இன்றும் ஏற்றதா?

ஸ்விட்ச்சில் அலுவலகக் கணினிகளுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று என வி-லேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி வலையமைப்பு) பிரித்தாகிவிட்டது. ஆனால் ஸ்விட்ச்சுக்கு இரண்டாம் அடுக்கு வேலை, அதாவது ஒரே வி-லேனுக்குள் கடத்துவது, மட்டுமே தெரியும். ஒரு வி-லேனிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட் போக ஒரு ரவுட்டர் வேண்டும். பழைய பொருள் சந்தையில் இதற்காக அதிகம் கண்ணில் படுவது சிஸ்கோ 1841. மொத்தப் போக்குவரத்து 100 மெகாபிட்டுக்குள் அடங்கும் சிறு வலையமைப்புக்கும், ரவுட்டிங் கற்க விரும்புபவருக்கும் இது நல்ல பெட்டி. பெரிய கோப்புகளை வி-லேன் தாண்டி நாள் முழுக்க நகர்த்தும் இடத்துக்கு இதை வாங்கவே கூடாது.

2004-இல் வந்த ஐஎஸ்ஆர் (சிஸ்கோவின் ஒருங்கிணைந்த சேவை ரவுட்டர்) வரிசையில் இது சிறியது. 10/100 ஃபாஸ்ட்ஈதர்நெட் போர்ட் இரண்டு, கார்டு செருக இரண்டு இடம், ஐஓஎஸ் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) கோப்பு இருக்கும் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை ஒன்று. அட்டை பின்பக்கமே செருகப்பட்டிருப்பதால், ஐஓஎஸ் கெட்டுப்போனாலும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். இதற்கு முந்தைய 2600 வரிசையோடு ஒப்பிட்டால் 1841-ஐத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். 2610, 2611 இரண்டிலும் இருப்பவை 10 மெகாபிட் போர்ட்கள். பல வி-லேன்களை ஒரே கம்பியில் கடத்தும் ட்ரங்க் வேலைக்கு அவற்றை நம்ப வேண்டாம். 2620, 2621 இரண்டிலும் ஃபாஸ்ட்ஈதர்நெட் உண்டு, ஆனால் 802.1க்யூ (ஃப்ரேமில் வி-லேன் எண்ணைப் பதிக்கும் முறை, கமாண்டில் டாட்1க்யூ) வேலைக்குப் பழைய ஐஓஎஸ்ஸில் ஐபி பிளஸ் தொகுப்பு தேவை. 1841-க்கு அடிப்படை ஐபி பேஸ் தொகுப்பே போதும்.

கைமாறி வந்த பெட்டி என்றால் முதல் வேலை, கன்சோல் கேபிளை மாட்டி (9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்) 'ஷோ வெர்ஷன்' அடித்துக் கடைசி வரியில் உள்ள கான்ஃபிக் ரெஜிஸ்டரை (ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண்) பார்ப்பது. அங்கே 0எக்ஸ்2102 இருக்க வேண்டும். 0எக்ஸ்2142 இருந்தால் யாரோ பாஸ்வேர்டை மீட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். நீங்கள் சேமிக்கும் கான்ஃபிக் என்விராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) பத்திரமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு ரீபூட்டிலும் ரவுட்டர் அதைப் படிக்காமல் வெறுமையாக எழும். பெட்டியே பழுது என்று பலர் முடிவுகட்டுவது இந்த ஒரு எண்ணால்தான். 'கான்ஃபிக்-ரெஜிஸ்டர் 0எக்ஸ்2102' அடித்துச் சேமித்தால் சரியாகிவிடும்.

ரவுட்டர் பக்கத்துக் கான்ஃபிக் சிறியது. ஒரே போர்ட்டில் வி-லேனுக்கு ஒன்றாகச் சப்-இன்டர்ஃபேஸ் (ஒரு போர்ட்டின் மென்பொருள் பிரிவு) வைக்க வேண்டும்:

இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0
நோ ஐபி அட்ரஸ்
நோ ஷட்டவுன்
இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0.10
என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 10
ஐபி அட்ரஸ் 192.168.10.1 255.255.255.0
இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0.20
என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 20
ஐபி அட்ரஸ் 192.168.20.1 255.255.255.0

வரிசை முக்கியம். என்கேப்சுலேஷன் வரிக்கு முன் ஐபி முகவரி கொடுத்தால் ஐஓஎஸ் ஏற்காது. சப்-இன்டர்ஃபேஸ் எண்ணும் வி-லேன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. பாக்கெட்டில் பதிவது என்கேப்சுலேஷன் வரியில் உள்ள எண். ஆனாலும் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பழுது தேடுபவருக்குப் பெரிய உதவி. தாய் போர்ட்டில் 'நோ ஷட்டவுன்' இல்லாவிட்டால் பிள்ளைகள் எதுவும் எழாது. நேட்டிவ் வி-லேனுக்கும் (ட்ரங்க்கில் எண் பதியாமல் போகும் வி-லேன்) முகவரி வேண்டுமென்றால் அந்த என்கேப்சுலேஷன் வரியின் இறுதியில் 'நேட்டிவ்' என்று சேர்க்க வேண்டும், அந்த எண் ஸ்விட்ச்சில் உள்ள நேட்டிவ் எண்ணோடு பொருந்த வேண்டும்.

'வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ரவுட்டரில் இருக்காது, எதிரே இருக்கும் ஸ்விட்ச் போர்ட்டில்தான் இருக்கும். ரவுட்டர் டிடிபி (ட்ரங்க்கைத் தானாகப் பேசி அமைக்கும் சிஸ்கோ நெறிமுறை) பேசாது. ஸ்விட்ச் போர்ட்டை டைனமிக் ஆட்டோ, டைனமிக் டிசைரபிள் என்று விட்டால் ட்ரங்க் ஒருபோதும் அமையாது. இணைப்பு விளக்கு மட்டும் பச்சையாக எரிந்து ஏமாற்றும். 'ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்' என்று கையால் எழுத வேண்டும். 3550, 3560 போன்றவற்றில் அதற்கு முன் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ' தேவை. 2950, 2960 இரண்டுக்கும் டாட்1க்யூ தவிர வேறு தெரியாது என்பதால் அந்தக் கமாண்டே அவற்றில் இல்லை. காணவில்லை என்று பதற வேண்டாம்.

அடுத்தது அனுமதிப் பட்டியல். ட்ரங்க்கில் வி-லேன் 10, 20 ஓடிக்கொண்டிருக்கும்போது 30-ஐச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வி-லேன் 30' என்று அடித்தால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். 'ஆட்' என்ற சொல்லோடு அடிக்க வேண்டும். தொலைவிலிருந்து அந்த ட்ரங்க் வழியாகவே ஸ்விட்ச்சுக்குள் நுழைந்திருந்தால் அடித்த கணமே வெளியே தள்ளப்படுவீர்கள். ஸ்விட்ச்சில் அந்த வி-லேன் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரவுட்டரில் எழுதியதால் அது ஸ்விட்ச்சில் தானாக முளைத்துவிடாது. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' மூன்றையும் ஒரே திரையில் காட்டும்: ட்ரங்க் அமைந்ததா, எவை அனுமதிக்கப்பட்டவை, எவை உண்மையில் கடத்தப்படுகின்றன.

ட்யூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது ஃபுல், மாறிமாறி அனுப்புவது ஹாஃப்) பொருத்தமின்மை இந்தத் தலைமுறைப் பெட்டிகளின் பழைய நோய். ஒரு முனையில் ஃபுல் என்று பூட்டிவிட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ முனை ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் போகும், கோப்பு நகல் மட்டும் தவழும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் (தாமத மோதல்), ஃபுல் முனையில் சிஆர்சி (சிதைந்த ஃப்ரேம்) எண்ணிக்கை ஏறுவது அடையாளம். இரண்டு முனையும் ஆட்டோ, அல்லது இரண்டு முனையும் 100 ஃபுல், கலப்பு வேண்டாம்.

சிறிய பிங் போகிறது, பெரிய பக்கம் திறக்க மறுக்கிறது என்றால் இடையில் ஏதாவது பழைய, நிர்வகிக்க முடியாத ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். 802.1க்யூ டேக் 4 பைட் கூட்டுவதால் முழு அளவு ஃப்ரேம் 1518-இலிருந்து 1522 பைட் ஆகிறது. பழைய ஸ்விட்ச் சில அதை அளவு மீறியது என்று எறிந்துவிடும்.

ப்ராக்ஸி ஏஆர்பி (வேறொரு கணினியின் மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி கேள்விக்கு ரவுட்டரே தன் மேக் முகவரியைச் சொல்வது) பற்றி ஒரு வார்த்தை. ஐஓஎஸ்ஸில் இது இயல்பாகவே இயங்கும். ஒரு கணினியில் நெட்மாஸ்க்கைத் தவறாக 255.255.0.0 என்று கொடுத்திருந்தாலும், மற்ற வி-லேனின் முகவரிக்கு ரவுட்டரே பதில் சொல்லி வேலையை நடத்திவிடும். தவறு மறைந்தே கிடந்து, ரவுட்டரை மாற்றும் நாளில் வெடிக்கும். ஒவ்வொரு சப்-இன்டர்ஃபேசிலும் 'நோ ஐபி ப்ராக்ஸி-ஏஆர்பி' போட்டு அன்றே வெளிக்கொண்டுவருவது நல்லது.

வேகத்துக்கு வருவோம். 1841-க்கு வெளியிடப்பட்ட அளவு 64 பைட் பாக்கெட்டில் நொடிக்கு 75,000, அதாவது 38.4 மெகாபிட். 2621எக்ஸ்எம் 30,000, 2811 1,20,000. இது சிஇஎஃப் (ஐஓஎஸ்ஸின் விரைவுக் கடத்தல் முறை) இயங்கும்போது, வேறு சேவை எதுவும் சேர்க்காத கணக்கு. பாக்கெட் பெரிதாக இருந்தால் மெகாபிட் கணக்கு ஏறும், ஆனால் ஒரு கம்பியின் எல்லை 100. வி-லேன் 10-இலிருந்து 20-க்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் அதே கம்பியில் உள்ளே வந்து அதே கம்பியில் வெளியேறுகிறது. எத்தனை வி-லேன் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரு திசைக்கு 100 மெகாபிட்தான். கனமான வி-லேன் ஒன்றை 0/1 போர்ட்டுக்குப் பிரித்துவிட்டால் நெரிசல் ஓரளவு குறையும்.

மெதுவாகிறது என்று தோன்றினால் 'ஷோ ப்ராசஸஸ் சிபியூ' பாருங்கள். ஐந்து நொடிச் சதவீதம் 92/88 என்ற வடிவில் வரும். முதலாவது மொத்தம், இரண்டாவது இன்டரப்ட். இரண்டும் நெருங்கியிருந்தால் பாக்கெட் கடத்துவதிலேயே பெட்டி திணறுகிறது. அதன் சக்தி அவ்வளவே. இடைவெளி பெரிதாகி, பட்டியலில் 'ஐபி இன்புட்' மேலே நின்றால் பாக்கெட்டுகள் சிஇஎஃப் பாதையை விட்டு விலகுகின்றன. அடிக்கடி காணும் காரணம் ஆக்சஸ் லிஸ்ட் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) வரியின் கடைசியில் போட்ட 'லாக்'. அதை எடுத்தால் மூச்சு வரும்.

ஆக்சஸ் லிஸ்ட்டில் திசைக் குழப்பம் மிகுதி. சப்-இன்டர்ஃபேசில் 'இன்' என்பது அந்த வி-லேன் கணினிகளிடமிருந்து ரவுட்டருக்குள் வருவது. விருந்தினர் வி-லேனை அலுவலகத்திலிருந்து தடுக்க, விருந்தினர் சப்-இன்டர்ஃபேசில் 'இன்' திசையில், முதலில் டிஎச்சிபிக்கு (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை, யுடிபி 67) அனுமதி, பிறகு 192.168.10.0 0.0.0.255-க்கு மறுப்பு, கடைசியில் எல்லாவற்றுக்கும் அனுமதி. முதல் வரியை எப்போதும் வையுங்கள். பிற்பாடு யாராவது கடைசி வரியை நீக்கிப் பட்டியலை இறுக்கினால், ரவுட்டரே டிஎச்சிபி கொடுத்தாலும் யாருக்கும் முகவரி கிடைக்காமல் போகும். இந்தப் பட்டியல் உரையாடலை நினைவில் வைக்காது என்பதையும் கவனியுங்கள்: அலுவலகத்திலிருந்து விருந்தினர் பக்க பிரின்டருக்குப் போனால், அதன் பதிலும் இதே மறுப்பில் விழும். டிசிபிக்கு 'எஸ்டாப்லிஷ்ட்' (ஏற்கனவே தொடங்கிய இணைப்பின் பாக்கெட்) அனுமதி வரியை மறுப்புக்கு மேலே வைக்க வேண்டும்.

இந்தப் பெட்டிக்கான ஆதரவு 2016-இல் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் இனி வராது, எனவே இணையத்தை நேராகப் பார்க்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஐஓஎஸ் கோப்பின் பெயரில் கே9 இருந்தால் எஸ்எஸ்எச் (மறையாக்கத்துடன் தொலைவிலிருந்து நுழையும் வழி) கிடைக்கும். ஆனால் 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல் பழைய ஆர்எஸ்ஏ-ஷா1 கையொப்பம் இயல்பாக முடக்கப்பட்டிருப்பதால், உங்கள் கணினியில் அந்த ரவுட்டருக்கு மட்டும் விலக்கு எழுத வேண்டியிருக்கும்.

100 மெகாபிட் போதாது என்றால் அடுத்த பெரிய ரவுட்டரைத் தேடாமல் 3560 போன்ற மூன்றாம் அடுக்கு ஸ்விட்ச்சுக்குப் போங்கள். அது வன்பொருளிலேயே ரவுட்டிங் செய்யும். மாற்றும் வேளையில் அதே கேட்வே முகவரிகளை 'இன்டர்ஃபேஸ் வி-லேன் 10' என்பது போன்றவற்றுக்குக் கொடுத்தால் கணினிகளில் எதையும் தொட வேண்டாம். 'ஐபி ரவுட்டிங்' கமாண்டை மறக்காதீர்கள். அந்த வி-லேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருந்தால்தான் இன்டர்ஃபேஸ் எழும். 1841-இன் சப்-இன்டர்ஃபேஸ்களை முதலில் ஷட்டவுன் செய்துவிட்டே புதியவற்றை எழுப்புங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்திருந்தால் முகவரி மோதி, கணினிகளின் ஏஆர்பி அட்டவணை எந்த மேக் முகவரியைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.