மலைப்பாதைக் கடையில் ‘எஸ்டேட் பீபெரி’ வாங்கப் போகிறவர்களுக்கு

கொடைக்கானல் போய்விட்டு இறங்கும் வழியில் காபிக் கொட்டை வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். போன மே மாதம் நான் இரண்டு கிலோவுக்கு 1,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கிய காபி அது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு மதுரையில். அம்மாவுக்கு 71 வயது. காலை ஐந்தரை மணிக்குப் பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கினால்தான் அவருக்குப் பொழுது விடியும். சர்க்கரை வந்ததிலிருந்து சீனி போடாமல்தான் குடிக்கிறார். அதனால் தூளில் சின்னக் குறை இருந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கடை வத்தலகுண்டுக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. பெயரைப் போடவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வாசலிலேயே வறுக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கே காரை நிறுத்திவிட்டோம். பலகையில் ‘சொந்த எஸ்டேட், 100% அராபிகா பீபெரி’ என்று எழுதியிருந்தார்கள். அராபிகா காபியில் ஒரு ரகம், பீபெரி என்பது உருண்டையாக இருக்கும் கொட்டை. மேசை மேல் பெரிய கண்ணாடி ஜாடி, அதில் உருண்டை உருண்டையாக, ஒரே அளவில், ஒரே பழுப்பு நிறத்தில் கொட்டை. கடைக்காரர் நாலைந்து எடுத்துக் கையில் கொடுத்தார். கடித்துப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

“அக்கா, இது எங்க தோட்டத்துச் சரக்கு. மதுரையில இதையே ஆயிரத்து எரநூறு சொல்லுவாங்க. நம்மகிட்ட எழுநூத்தம்பதுதான்” என்றார்.

ஒரு கிலோ கொட்டையாகவும் ஒரு கிலோ அரைத்தும் கேட்டேன். அவர் ஜாடியைத் தொடவே இல்லை. உள்ளே போய் மூட்டையிலிருந்து எடுத்து வந்தார். கேட்டதற்கு, “ஜாடியில இருக்கறது சாம்பிள்க்கா, அதே சரக்குதான் உள்ள புதுசா இருக்கு” என்றார். அரைத்ததும் உள்ளேதான். கொட்டையின் மேல் எண்ணெய் பளபளத்தது. “எண்ணெய் மின்னுது பாருங்க, அவ்வளவு நயம்” என்று அதையும் காட்டினார். பில் கேட்டபோது பில் புக் தீர்ந்துவிட்டது என்றார். காரில் பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை இறங்கிய டிகாக்‌ஷன் கெட்டியாக, கன்னங்கரேல் என்று இருந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “என்னடி இது, புளியங்கொட்டையைக் கருக்கிப் போட்ட மாதிரி இருக்கு?” என்று கேட்டார். நானும் குடித்தேன். கசப்பு, கருகல், அடித்தொண்டையில் ஏதோ இனிப்பு. காபி வாசனை மட்டும் இல்லை.

எங்கள் தெருமுனையில் முப்பது வருடமாகக் காபி வறுத்து அரைத்துக் கொடுக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அன்று அவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

கொட்டையைச் செய்தித்தாளில் பரப்பினார். “இதுல பீபெரி எத்தனைன்னு நீங்களே எண்ணுங்கம்மா” என்றார். காபிப் பழம் ஒன்றுக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் உள்பக்கம் தட்டையாக இருக்கும். சில பழத்தில் ஒன்று மட்டுமே வளர்ந்து, பட்டாணி போல உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. பொதுவாக ஒரு தோட்டத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரைதான் இப்படி விளையும். அதைச் சலித்துப் பிரித்து எடுத்துத் தனியாக விற்பதால்தான் அதற்குத் தனி விலை. நான் நூறு கொட்டை எண்ணினேன். உருண்டை ஒன்பது. அதாவது இயற்கையாக இருக்க வேண்டிய அளவு. யாரும் எதையும் பிரிக்கவே இல்லை!

இன்னொன்றும் சொன்னார், எனக்கு இதுவரை தெரியாதது. பீபெரி என்பது உருவத்துக்குத்தான் பெயர், ரகத்துக்கு இல்லை. ரொபஸ்டா என்ற இன்னொரு காபி ரகத்திலும் பீபெரி உண்டு. ‘பீபெரி’ என்று எழுதியிருந்தால் அது அராபிகா என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். ரகத்தைக் கொட்டையின் நடுக்கோட்டில் பார்க்கலாம். அராபிகா கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும், நடுக்கோடு வளைந்து நெளிந்து போகும். ரொபஸ்டா குண்டாக இருக்கும், கோடு நேராக இருக்கும். என் பாக்கெட்டில் பாதிக்கு மேல் நேர்கோடுதான். மிச்சத்தில் உடைசல், கறுப்புக் கொட்டை, பூச்சி துளைத்தது. ரொபஸ்டா மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. டிகாக்‌ஷனுக்குக் கெட்டி கொடுப்பது அதுதான், இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதியும் அதுதான். அதை அதன் பெயர் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும்.

அந்த எண்ணெய் மினுமினுப்பு? அதிகமாக வறுத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வந்துவிடும். வறுத்து நாளானாலும் வரும். கழிவுக் கொட்டையின் குறையை மறைக்கக் கறுக்க வறுத்துவிடுவது பழைய வழி என்றார் அண்ணாச்சி. எல்லாம் கரிந்துபோனால் எது நல்லது, எது கெட்டது என்று நாக்குக்குத் தெரியாது. மேலே வந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை பிடிக்கும். பாக்கெட்டை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன், பழைய முறுக்கு டப்பாவின் வாடை.

அரைத்த தூளுக்கு அவர் செய்தது இன்னும் சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர், மேலே அரை ஸ்பூன் தூள். கலக்கக் கூடாது. காபித்தூள் கொஞ்ச நேரமாவது மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கும், மூழ்கும்போதே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும். நான் வாங்கியதில் பாதி கண்ணெதிரே கோடு கோடாக இறங்கியது. அந்த அடித்தொண்டை இனிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

சிக்கரி ஒரு வேர். அதைக் காபியோடு கலந்து விற்பது குற்றம் இல்லை. நம் வீடுகளில் பலருக்கு அது இல்லாமல் காபி இறங்காது. ஆனால் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். என் பாக்கெட்டில் ஒரு மலைப் படமும் போன் நம்பரும் தவிர எதுவும் இல்லை. வறுத்த தேதி இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இல்லை.

விலையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் ஈரம் போய் 800 முதல் 850 கிராம்தான் மிஞ்சும். பிரேசிலில் வறட்சி அடித்து, 2025 பிப்ரவரியில் அராபிகா விலை உலகச் சந்தையில் அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. நம் ஊர் விலையும் கூடவே ஏறியது. அந்த எடைக் குறைவு, விறகு, கூலி, லாபம் எல்லாம் சேர்த்தால் பிரித்தெடுத்த அராபிகா பீபெரியை அப்போது 750-க்குக் கொடுத்திருக்கவே முடியாது. “எங்களுக்கே கட்டாதும்மா” என்றார் அண்ணாச்சி. அவர் தோட்டத்துக்காரரும் இல்லை, தரகு வியாபாரியும் இல்லை, அன்றாடம் வாங்கி விற்பவர். அவர் சொன்னால் நம்பலாம்.

பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். “மலைக் காபி அப்படித்தான்க்கா இருக்கும், குடிக்கக் குடிக்கப் பழகிடும்” என்று பதில் வந்தது. அடுத்த நாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பில் இருந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருப்பேன். என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். நீங்கள் வாங்கும்போது பில் இல்லாமல் நகராதீர்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்கும் மலைவாழைக்கும் நடுவே அராபிகாவை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்கலாம். குளிர்காலத்தில் பழுத்த பழத்தை மட்டும் கையால் பறிக்க வேண்டும், அதுவும் ஒரே செடிக்கு நாலைந்து தடவை போக வேண்டும். அப்புறம் தோல் நீக்கி, நொதிக்க வைத்து, கழுவி, வெயிலில் காய வைத்தால்தான் ‘பிளாண்டேஷன்’ என்ற தரம். இவ்வளவு பாடுபடுகிறவர்களின் மலைப் பெயரைப் போட்டு ஒருவர் கழிவை விற்கிறார். குடித்துப் பார்த்தவர்கள் மலைக் காபியே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்வார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இப்போது நான் கொட்டையாகத்தான் வாங்குகிறேன், அதுவும் கால் கிலோ. வறுத்த தேதி கேட்கிறேன். ஒரு கைப்பிடியைத் தட்டில் கொட்டி எண்ணுகிறேன். அரைப்பது என் கண் முன்னால். அம்மாவின் டம்ளர் மறுபடியும் காலியாகத் திரும்பி வருகிறது.

போன வாரம் என் தம்பி கொடைக்கானல் போனான். திரும்பும்போது அதே கடையில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். பலகை அப்படியே இருக்கிறதாம், ஜாடியும் அப்படியே. இவன் ஜாடியைக் காட்டி, இதிலிருந்தே கால் கிலோ நிறுத்துக் கொடுங்கள், கேட்கும் விலையைத் தருகிறேன் என்றானாம்.

“அது விக்கிறதுக்கு இல்ல தம்பி.”