மாற்றாத பம்ப்புக்குப் பில் போட்ட பட்டறை

சிறிய டிராக்டரில் பேக்ஹோ (பள்ளம் தோண்டும் இயந்திரக் கை) பொருத்தித் தோட்ட வேலை செய்பவர்கள், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பகுதி) பழுதுக்காகப் பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வண்டி சூடேறியதும் பேக்ஹோவின் தூக்கும் கையான பூம் தயங்கித் தயங்கி எழுந்தது. முன்பக்க லோடரும் அப்படியே தளர்ந்தது. ஹைட்ராலிக் ஆயிலைத் தள்ளும் பம்ப் இருக்கும் பக்கமிருந்து இடைவிடாத இரைச்சல் கேட்டது. வட்டாரத்தில் பெயர்பெற்ற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் பிரஷர் கேஜ் மாட்டவில்லை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டதும் பம்ப் போய்விட்டது என்று முடிவு சொன்னார். பம்ப், சீல் கிட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் வாங்கினார்கள். கழற்றிய பம்ப்பைக் கேட்டதற்கு, பழைய இரும்போடு போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

சில நாட்களிலேயே அதே தளர்ச்சியும் அதே இரைச்சலும் திரும்பின. இம்முறை தோட்டத்துக்கே வந்த வேறொரு மெக்கானிக் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டினார். ஆயில் கடைந்த மோரைப் போல நுரைத்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் உறிஞ்சு ஓஸின் இணைப்பில் சிறிது ஆயிலை ஊற்றினார். இரைச்சல் உடனே அடங்கியது. வெடித்துப்போன ஓஸ் வாயும் தளர்ந்த கிளிப்பும் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. ஓஸையும் கிளிப்பையும் மாற்றி, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழுவிப் போட்டதும் வண்டி பழைய வேகத்துக்கு வந்தது. கேஜில் காட்டிய அழுத்தம் கையேட்டில் உள்ள அளவோடு ஒத்திருந்தது.

பிறகுதான் அவர் பம்ப்பைச் சுட்டிக்காட்டினார். மேலே புதிதாக வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டியபோது அடியில் பழைய மண்ணும் துருவும் வந்தன. போல்ட் தலைகளைச் சுற்றி இறுகிப்போயிருந்த சேறு உடையவே இல்லை. ஸ்பானர் பட்ட தடம் எதிலும் இல்லை.

பூம் மட்டுமோ பக்கெட் மட்டுமோ தளர்ந்தால் அந்தச் சிலிண்டரின் சீலையும் அதற்குரிய வால்வையும் பார்க்க வேண்டும். எல்லா இயக்கமும் ஒன்றாகத் தளர்ந்தால் ஆயில் அளவு, ஸ்ட்ரெய்னர், உறிஞ்சு ஓஸ், ரிலீஃப் வால்வு (அழுத்தம் அளவு மீறாமல் காப்பது) ஆகியவற்றைப் பார்த்த பிறகே பம்ப்பின் மீது சந்தேகம் வர வேண்டும். வேகம் குறைவது ஆயில் ஓட்டம் குறைந்ததைக் காட்டும். வேகம் இருந்தும் தூக்க வலுவில்லையென்றால் அழுத்தக் குறைவை நினைக்கலாம். கேஜ் மாட்டாமல் பம்ப்பை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். உயர் அழுத்த ஓஸில் கசிவைக் கையால் தடவித் தேடவும் வேண்டாம். ஊசித் துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

வேலைக்கு விடும் முன்பே பம்ப்பின் வரிசை எண்ணையும் போல்ட்டுகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் "பம்ப் மாற்றியது" என்பதைத் தவிர பாக எண்ணோ கம்பெனிப் பெயரோ இல்லை. அந்தப் பட்டறை இன்றுவரை பணத்தைத் திருப்பித் தரவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. பில்லையும் படங்களையும் வைத்து நாங்கள் மனு தயாரித்துவருகிறோம்.