இடிப்பதா, விற்பதா, குடியிருப்போரை வைத்துக்கொண்டே பழுதுபார்ப்பதா?

நகரத்தின் நடுவே ஒரு குடியிருப்புப் பகுதி ஒரே நாளில் நசிந்துவிடுவதில்லை. ஆலை மூடுகிறது, வேலை தேடி இளையவர்கள் கிளம்புகிறார்கள், வாடகை வராத வீட்டை உரிமையாளர் கவனிக்காமல் விடுகிறார். ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் விலையும் இறங்குகிறது, அவற்றின் மீது கடன் தர வங்கிகள் தயங்குகின்றன. அப்படிப்பட்ட பகுதிகளை மீட்க உலக நகரங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளை முயன்றிருக்கின்றன: மொத்தமாக இடித்துக் கட்டுவது, காலி வீடுகளைப் பெயரளவு விலைக்குக் கொடுப்பது, ஆட்களை வெளியேற்றாமல் பழுதுபார்ப்பது, நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்பது. இவற்றை எடைபோட எனக்கு ஒரே கேள்வி போதும். வேலை தொடங்கிய நாளில் அங்கே குடியிருந்தவர், வேலை முடிந்த பிறகும் அங்கே இருக்கிறாரா?

இடிப்பை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் வேகம். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் பழைய குடியிருப்புகளை அகற்றி, தலா 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களாக எழுந்தது புரூட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு. 1954இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1972இல் அதைத் தகர்க்கத் தொடங்கி 1976க்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நகரின் மக்கள்தொகை குறைந்துகொண்டே போனது; பராமரிப்புச் செலவையோ ஏழைக் குடித்தனக்காரர்களின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. புதுக் கட்டடம் என்பதால் அந்தக் கணக்கு மாறிவிடவில்லை.

இங்கிலாந்தின் அனுபவம் இன்னொரு ஓட்டையைக் காட்டுகிறது. வடக்கு, நடுப் பகுதிகளில் தேவை குறைந்த வீடுகளை வாங்கி இடிக்கும் பெருந்திட்டம் 2002இல் தொடங்கியது. இடிப்பில் ஆட்களைக் காலிசெய்வது முதலில் நடக்கிறது, கட்டுவது கடைசியில்தான் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஆட்சி மாறியது, 2011இல் நிதி நின்றது. ஜன்னலுக்கும் வாசலுக்கும் தகரம் அடித்த வீடுகளுக்கு நடுவே சில குடும்பங்கள் மட்டும் எஞ்சின. அரைகுறையாக நின்றுபோனால் முன்பிருந்ததைவிட மோசமான நிலையை விட்டுச் செல்லும் ஒரு வழியை, பணம் நிச்சயமில்லாத நகரம் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பெயரளவு விலைத் திட்டம் கேட்பதற்கு இனிக்கும். 1973இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் ஒரு டாலருக்கு வீடு கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் லிவர்பூல் 2013இல் ஒரு பவுண்டுக்குக் கொடுத்தது. லிவர்பூலில் வாங்கியவர் ஓராண்டுக்குள் வீட்டைச் சீரமைக்க வேண்டும், ஐந்தாண்டுகள் அதில் வசிக்க வேண்டும். வாங்கிப் பூட்டிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பவர்களைத் தடுக்கும் இந்த நிபந்தனைகள் நல்லவை. ஆனால் சுவரும் கூரையும் சிதைந்த வீட்டுக்கு விலைதான் மிகச் சிறிய செலவு. குடியிருக்கத் தகுதியற்ற வீட்டை அடமானமாக ஏற்க வங்கிகள் முன்வருவதில்லை. எனவே கையில் சேமிப்பும், இன்னோரிடத்தில் தங்க வசதியும் உள்ளவருக்கே இது கைகூடும். அதே தெருவில் ஓதம் பிடித்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பால்டிமோரின் ஆட்டர்பைன் பகுதியில் இந்தத் திட்டம் பலித்ததற்குக் காரணங்கள் உண்டு. வீடுகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருந்தன, நகர நிர்வாகம் குறைந்த வட்டிக்குக் கடனும் கொடுத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடுத்திருந்தால், பழுதுபார்த்த வீட்டின் இரு பக்கமும் பாழ் வீடுகளே நின்றிருக்கும்.

மூன்றாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். மேற்கு பெர்லினின் குரோய்ட்ஸ்பெர்க்கில் நெடுஞ்சாலைக்காகவும் புதுக் கட்டடங்களுக்காகவும் இடிபடவிருந்த பழைய அடுக்கு வீடுகளைக் காப்பாற்ற மக்கள் போராடினார்கள். கட்டடக் கலைஞர் ஹார்ட்-வால்ட்ஹெர் ஹேமரின் வழிகாட்டலில், 1983இல் நிதானமான நகரப் புதுப்பித்தலுக்குப் பன்னிரண்டு கொள்கைகள் வகுக்கப்பட்டன. இப்போது அங்கே வசிப்பவர்களோடு சேர்ந்தே திட்டமிட வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. வியன்னாவிலும் இதே போக்குதான். 1984இல் இதற்கு உதவ ஒரு நிதியம் அமைந்தது. நடைவழியில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையுமாக இருந்த பழைய கட்டடங்களில், காலியாகும் பகுதிகளை முதலில் சீரமைத்து, மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருக்க, படிப்படியாக வேலை நடந்தது. மானியம் வாங்கிய உரிமையாளரின் வாடகை உயர்வுக்கு, குறிப்பிட்ட காலம்வரை வரம்பும் விதித்தார்கள்.

இப்படிப் பழுதுபார்க்கும்போது எதை முதலில் தொடுகிறோம் என்பது முக்கியம். கூரையும் மழைநீர் வடிகாலும் சரியாகாமல் உள்ளே பூசுவது வீண். பழைய செங்கல் சுவர்கள் பலவும் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. ‘உறுதிக்காக’ என்று மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சுவருக்குள் பதிந்திருக்கும் மர உத்தரத்தின் முனை வெளியே தெரியாமலேயே உளுத்துப்போகும். சில ஆண்டுகளில் தளம் தொய்ந்த பிறகுதான் கண்ணில் படும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அழைத்து, முனையை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்தால், கட்டடமே போய்விட்டது என்று எழுதப்பட்ட வீடும் பிழைத்துக்கொள்ளும். இடிப்புப் பட்டியல் தயாரிக்கும் பொறியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தபிறகு கையெழுத்திட வேண்டும்.

பழைய செங்கல் வீடுகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதும் சரியல்ல. பிரான்சின் போர்தோ நகரில், 1960களில் எழுந்த மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களை லக்காத்தோன், வசால் உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் இடிக்காமல் விரிவாக்கினார்கள். 530 வீடுகளின் முகப்பில் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்ந்தன. வேலை நடந்தபோதும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள். 2019இல் இதற்கு, கட்டடக்கலைக்காக ஐரோப்பிய ஒன்றியம் தரும் மீஸ் வான் டெர் ரோ விருது கிடைத்தது.

குறையும் சொல்ல வேண்டும். வேலை மெதுவாக நடக்கும். வாடகை வரம்புக்கும் காலக்கெடு உண்டு. குரோய்ட்ஸ்பெர்க்கில் இன்று வாடகை ஏறிக் கிடப்பதைக் கண்டால், காப்பாற்றிய வீடுகளிலிருந்து காப்பாற்றியவர்களே வெளியேற நேர்ந்ததை எண்ணி மனம் கனக்கிறது.

நான்காவது வழி அந்த ஓட்டையை அடைக்கிறது. பாஸ்டனின் டட்லி தெருப் பகுதியில் தீவைப்பாலும் கைவிடப்பட்டதாலும் காலிமனைகள் பெருகின, அவற்றில் வெளியாட்கள் குப்பை கொட்டினார்கள். 1984இல் அங்குள்ள மக்கள் அமைப்பாகத் திரண்டார்கள். காலிமனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1988இல் நகரிடமிருந்து பெற்றார்கள். நிலம் அறக்கட்டளையிடம் இருக்கிறது. வீடு வாங்குபவருக்கு 99 ஆண்டுக் குத்தகை. மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு. லிவர்பூலின் கிரான்பி நான்கு தெருக்களிலும் இதே பாணி. இடிப்புக்குக் காத்திருந்த தெருவில் செடி வைத்து, முகப்புகளுக்கு வண்ணமடித்து, 2011இல் நில அறக்கட்டளை தொடங்கினார்கள். அவர்களோடு பணியாற்றிய அசெம்பிள் என்ற வடிவமைப்பாளர் குழுவுக்கு 2015இல் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது. ஆனால் அப்போது சீராக்கியவை பத்து வீடுகளே. நிதி திரட்டும் பாடும், கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கும் பாடும் அத்தனை பெரிது.

எனவே மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துத் தொடங்குவதே என் தேர்வு. குடியிருக்கும் வீடுகளுக்குப் பழுதுபார்ப்பு மானியமும் வாடகை வரம்பும், காலிமனைகளுக்கு நில அறக்கட்டளை. பெயரளவு விலைக்கு விற்பதானால் ஒரு தெரு முழுவதையும் ஒன்றாக, கடனோடு சேர்த்து, அங்குள்ள வாடகைதாரர்களுக்கு முதல் உரிமை கொடுத்து விற்கலாம்.

காப்பாற்றவே முடியாத வீட்டை இடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒட்டிக் கட்டிய வரிசையில் நடு வீட்டை எடுத்தால் இரு பக்கத்துப் பொதுச்சுவர்களும் வெட்டவெளிக்கு வந்துவிடும். அவை மழையைத் தாங்கக் கட்டியவை அல்ல. உத்தரம் செருகியிருந்த பொந்துகள் வழியே நீர் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கும். பொந்துகளை அடைத்து, சுவரைப் பூசி, அது சாயாமல் தாங்கல் கொடுக்கும் செலவை இடிப்புச் செலவின் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்; பக்கத்து வீட்டுக்காரரின் தலையில் கட்டக் கூடாது.